உலைச் சுவரில் கிடைத்த உயிர்

சோதனைக் கூடங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். மேடையேறிப் பேசினால் பாதியிலேயே கைபேசியை எடுத்துவிடுவீர்கள் என்று தெரியும். அதனால் எழுதித் தருகிறேன். பிடிக்காவிட்டால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள், எனக்கு ஒன்றும் மனவருத்தம் இல்லை.

நான் வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரு தனியார் சோதனைக் கூடத்தில். சொந்த ஊர் பழவேற்காடு. எங்கள் வீட்டில் எல்லோரும் வியாபாரம். நான் ஒருவன்தான் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு மாதச் சம்பளத்துக்குப் போனவன். கூடத்தில் மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் நான் 'பாய்'. கடைசி வரைக்கும் அப்படியே கூப்பிட்டார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது.

எங்களுக்கு வந்த வேலையெல்லாம் சுற்றியிருந்த ஆலைகளிலிருந்து வந்ததுதான். இரும்பு, உலோகக் கலவை, கழிவுநீர், எஞ்சின் ஆயில். இரும்பு ஆலைக்காரர்களுக்குத் தங்கள் கம்பியில் கரி எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். நாங்கள் எரித்துப் பார்த்து எவ்வளவு என்று சொல்வோம். அந்தக் கரி எங்கிருந்து வந்தது, யாருடைய கரி என்று எவரும் கேட்டதில்லை. முதன்முதலில் கேட்டவள் கௌரி.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கௌரி கடம்பத்தூர்ப் பெண். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அங்கே கல் அரைக்கிற மெஷின் பழுதாகிக் கிடந்ததால், அவளுடைய கைடு எங்கள் மேனேஜரிடம் சொல்லி அவளை இங்கே அனுப்பிவைத்தார். கடம்பத்தூரில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, மறுபடி ரயில் மாறி, தோளில் கல் மூட்டையோடு வந்து நின்றாள். கறுப்புக் கல். கர்நாடகப் பக்கத்து மலை ஒன்றில் அவளே உடைத்து எடுத்தது.

"இதுல இன்னா தேடுறேம்மா?" என்று கேட்டேன்.

"செத்துப்போன பாக்டீரியாவோட கொழுப்பு, சார்."

விளையாடுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. அந்தக் கல்லுக்கு வயது ஏறத்தாழ முந்நூறு கோடி ஆண்டு என்றாள். அப்போது மரம் கிடையாது, மீன் கிடையாது, எலும்பு என்ற ஒன்றே கிடையாது. உயிர் இருந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்தான் இருந்திருக்கும். அதற்கு எலும்பு இல்லாததால் எலும்பைத் தேட முடியாது. ஆனால் பாக்டீரியாவின் மேலுறையில் ஒரு வகைக் கொழுப்பு உண்டு. அது புதைந்து, கல்லோடு கல்லாகி, மற்றதெல்லாம் சிதைந்த பிறகும் அந்த மூலக்கூறின் சட்டகம் மட்டும் உடையாமல் தங்கிவிடும். கல்லைப் பொடியாக்கி, கரைப்பானில் ஊறவைத்து, வருவதைக் கருவியில் ஏற்றினால் காகிதத்தில் அது முகடு முகடாக வரும். இன்னொரு வழியும் உண்டு. கரியில் லேசான அணுவும் இருக்கிறது, கனமான அணுவும் இருக்கிறது. உயிர் உள்ளது எதுவானாலும் லேசானதைத்தான் பொறுக்கித் தின்னும். ஆகவே கல்லுக்குள் இருக்கும் கரி வழக்கத்தைவிட லேசாக இருந்தால், அதை ஏதோ ஒரு வாய் தொட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

இருபது வருடம் கரியை எரித்துப் பிழைத்தவன் நான். இதைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அரவை அறை மோசஸ் கையில் இருந்தது. கவரைப்பேட்டைக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவனுடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். மோசஸ் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக யூனிஃபார்ம் போட்டவன், தினமும் இஸ்திரி போட்டுக்கொண்டுதான் வருவான். அரைக்கும் கிண்ணம் கனமான எஃகு. உள்ளே ஒரு எஃகு வளையம், ஓர் எஃகு உருளை. மேலே மூடி, மூடிக்கு அடியில் ரப்பர் வளையம். சுவிட்சைப் போட்டால் அறையே அதிரும்.

இங்கே எங்கள் பேட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழவேற்காட்டு ஏரியும் கடலும் பக்கம். காற்றில் எப்போதும் உப்பு இருக்கும். சைக்கிள் மணி துருவேறும், வாசல் கேட் துருவேறும், பீரோ சாவி துருவேறும். எஃகுக் கிண்ணத்தைக் கழுவி அப்படியே வைத்துவிட்டுப் போனால் காலையில் செக்கச்செவேல் என்று இருக்கும். அதனால் எங்கள் பக்கத்து அரவை அறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் கிண்ணத்தைக் கழுவி, காயவைத்து, மிஷின் ஆயில் நனைத்த துணியால் ஒரு துடை. காலையில் வந்ததும் எண்ணெயைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, எல்லோரும் செய்தார்கள். செய்யாதவனைச் சோம்பேறி என்பார்கள். இரும்புத் தாதுவில் ஒரு துளி எண்ணெய் இருந்தால் யாருக்கு என்ன?

கௌரி அசட்டுப் பெண் இல்லை. கிண்ணத்தைப் பார்த்ததுமே, "இதுல எண்ணெய் இருக்கு சார், அசிட்டோன் போட்டுக் கழுவணும்" என்றாள். மோசஸும் முகம் சுளிக்காமல் அவள் கண்ணெதிரிலேயே கழுவினான். திரும்பவும் கழுவச் சொன்னாள், திரும்பவும் கழுவினான். வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினான். துணி வெள்ளையாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் கல்லைப் போட்டார்கள். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் அலட்சியமாக இருந்தவர் யாரும் இல்லை.

சில மாதம் கழித்து ஸ்வீட் பெட்டியோடு வந்தாள். "கிடைச்சிடுச்சு சார்!" என்று வாசலிலிருந்தே கத்தினாள். மோசஸுக்கு முதல் மைசூர்பாகு, எனக்கு இரண்டாவது. சில மாதத்தில் வரும் தில்லி மாநாட்டில் கைடு இதைச் சொல்லப்போகிறார். வெளிநாட்டில் ஒரு பெரிய ஆய்வுக்கூடம் இந்த முடிவைக் கேள்விப்பட்டு, ஆராய்ச்சியை முடித்துவிட்டு வா, உனக்கு இடம் வைத்திருக்கிறோம் என்று எழுதியிருக்கிறது. கடம்பத்தூரில் அவளுடைய அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கருவி வரைந்த காகிதத்தை என் மேசையில் விரித்தாள்.

மைசூர்பாகு இன்னும் என் வாயில்தான் இருந்தது. காகிதத்தில் முகடுகள் ஜோடி ஜோடியாக நின்றன. ஜோடிக்கு ஜோடி உயரம் குறைந்துகொண்டே போயிற்று, ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் போட்டோவுக்கு நிறுத்தியது மாதிரி. இந்த வரிசையை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று மெதுவாக நினைவு வந்தது. ஆலைக்காரர்கள் கலப்பட ஆயில் என்று சண்டைபோட்டு எங்களிடம் கொண்டுவருவார்களே, அந்த எஞ்சின் ஆயிலில் பார்த்திருக்கிறேன்.

"வெத்து ஓட்டம் ஓட்டினியாம்மா?" என்று கேட்டேன். உங்கள் பாஷையில் பிளாங்க். சாம்பிளை விட்டுவிட்டு மற்றதெல்லாம் அப்படியே செய்து பார்ப்பது.

"ஓட்டாம இருப்பேனா சார்? கரைப்பான், கண்ணாடி, கருவி எல்லாத்துக்கும் ஓட்டினேன். சுத்தமா இருந்துச்சு."

"எங்கேருந்து ஆரம்பிச்சே?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. "பவுடரைக் கரைப்பான்ல போடுற எடத்துல இருந்து" என்றாள்.

சந்தோஷமாக வந்த பெண்ணிடம் பாதிச் சந்தேகத்தை நீட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் போன பிறகு மேனேஜரிடம் போனேன். கல் பொடியானது நம் அரவை அறையில், அவளுடைய பிளாங்க் தொடங்கியதோ அதற்குப் பிறகு. நடுவில் நம் கிண்ணம் இருக்கிறது, அதை யாரும் சோதிக்கவில்லை என்றேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "பாய், அவங்க பவுடர் கேட்டாங்க, நாம குடுத்தோம். அதுல அவங்க உயிரைக் கண்டுபிடிச்சா நமக்கு இன்னா, பேயைக் கண்டுபிடிச்சா நமக்கு இன்னா? அங்கீகாரத்துக்கு ஆடிட் வர்ற நேரம். நம்ம கிண்ணம் அழுக்குன்னு நாமளே தமுக்கடிக்கணுமா?"

"அழுக்கான்னு எனக்கும் தெரியாது சார். தெரிஞ்சுக்கலாம்னு பார்க்கிறேன்."

"தெரிஞ்சா இன்னா பண்ணுவீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, அவருக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த முறை கௌரி மீதிப் பவுடரை வாங்க வந்தபோது, அவளைப் பேட்டை வாசல் டீக்கடைக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன். அவள் முகம் மாறியது. ஆனால் வாதம் தெளிவாக இருந்தது.

"எண்ணெய் மாதிரி இருக்குன்னு சொல்றீங்க. பெட்ரோலே பழைய உயிர்ல இருந்து வந்ததுதானே சார்? பழைய உயிர்னா அப்படித்தான் தெரியும். ரெண்டும் ஒத்துப்போறது எனக்குச் சாதகம்."

அது நல்ல வாதம். நாற்காலி போட்டு உட்காரவைக்க வேண்டிய வாதம். எண்ணெயின் கைரேகையும் ஆதி உயிரின் கைரேகையும் ஒரே குடும்பம் என்பதால், காகிதத்தை எத்தனை நேரம் முறைத்துப் பார்த்தாலும் எது யாருடையது என்று சொல்ல முடியாது. மூளையால் தீர்க்க முடியாத சண்டை அது. கையால்தான் தீர்க்க வேண்டும்.

"உயிரே இருக்க முடியாத ஒரு கல்லை அதே கிண்ணத்துல அரைப்போம். அதுல ஒன்னும் வரலன்னா நீ தில்லிக்குப் போ. நானே ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்புறேன்."

"வந்துச்சுன்னா?"

நான் டீயைக் குடித்தேன். அவள் குடிக்கவில்லை.

உயிரே இருக்க முடியாத கல்லுக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். ஆற்று மணலில் வேர் இருக்கும், பாசி இருக்கும். கடையில் வாங்கும் குவார்ட்ஸை யார் எந்தத் துணியால் துடைத்தார்களோ தெரியாது. எனக்கு இருந்த ஒரே அதிர்ஷ்டம், நான் கும்மிடிப்பூண்டியில் இருந்தேன். இரும்பை உருக்கும் உலைக்கு உட்சுவராக வெள்ளைக் கல்பொடியை இடித்துக் கட்டுவார்கள். இரும்பு கொதிக்கக் கொதிக்க அது வெந்து, உருகி, பாறையாக இறுகிவிடும். தேய்ந்ததும் பெயர்த்து வெளியே கொட்டுவார்கள். பக்கத்து ஆலை வாசலில் அது மலைபோல் கிடக்கும். இரும்பே தண்ணீராக ஓடுகிற சூட்டில் நாள் கணக்காக வெந்த கல்லில் கொழுப்பு தங்காது. அதில் உயிர் கிடைத்தால் அது நரகத்திலும் கிடைக்கும்.

பெரிய கட்டி ஒன்றைத் தூக்கிவந்தேன். ஒளித்துச் செய்யவில்லை, மேனேஜர் அறை வழியாகத்தான் போனேன். அவர் தலை நிமிரவில்லை. கட்டியை உடைத்து, உள்பகுதியை மட்டும் எடுத்து, எங்கள் மின் அடுப்பில் மறுபடி சிவக்கச் சுட்டேன். மோசஸிடம், கௌரி கல்லுக்கு என்ன செய்தாயோ அதையே செய், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்றேன்.

"இன்னா பாய், என் மேல டவுட்டா?" என்று கேட்டான்.

"உன் மேல இல்ல மோசஸ். கிண்ணத்து மேல."

"கிண்ணம்னா நான்தானே பாய். தினிக்கும் தொடச்சி எண்ணெ போட்டு வெச்சிகினு கீறேன். துரு ஒரு பொட்டு கீதா, காட்டுங்க பார்க்கலாம்!"

கோபத்தோடுதான் கழுவினான், ஆனால் அன்று செய்தபடியே கழுவினான். வெள்ளைத் துணி அன்றைக்கும் வெள்ளையாகவே இருந்தது. அவள் கல்லை ஓட்டிய அதே கருவியில் ஓட்டட்டும் என்று, அரைத்த பொடியைக் குப்பியில் போட்டுக் கௌரியிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கிப் பையில் வைத்த விதத்திலேயே தெரிந்தது, அவளுக்கு இது வேண்டாம். ஓட்டிப்பார்க்காமல் தொட்டியில் கொட்டிவிட்டு, ஓட்டினேன், சுத்தம் என்று சொல்லியிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தில்லி, வெளிநாடு, டாக்டர் பட்டம் எல்லாம் அவளுக்குக் கிடைத்திருக்கும்.

ரொம்ப நாள் தகவலே இல்லை. பிறகு ஒரு நாள் போன் கூடச் செய்யாமல் வந்தாள். நேராக அரவை அறைக்குப் போய், இரண்டு காகிதங்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நானும் மோசஸும் பின்னால் நின்று பார்த்தோம். முகடின் மேல் முகடு உட்கார்ந்திருந்தது. உயரத்தில்தான் வித்தியாசம், வரிசை அதேதான்.

"ஒண்ணு என் கல்லு. ஒண்ணு உங்க உலை" என்றாள். அப்புறம் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். பெண்ணை எப்படித் தேற்றுவது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. மோசஸ் ஃபேனைப் போட்டான்.

எண்ணெய் எங்கே ஒளிந்திருந்தது என்று பிறகு தேடினோம். மூடிக்கு அடியில் இருந்த ரப்பர் வளையத்தில். தினமும் துடைத்த எண்ணெயை ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வைத்திருந்தது. அசிட்டோனும் வெள்ளைத் துணியும் எஃகைத்தான் தொட்டன. மெஷின் ஓடிச் சூடேறியதும் ரப்பர் வியர்த்திருக்கிறது, அந்த வியர்வைதான் கௌரிக்குக் கிடைத்த உயிர். வளையத்தை வடிதாளில் வைத்து அழுத்தினேன், தாளில் பளபளவென்று ஒரு வட்டம் விழுந்தது. மோசஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்லா வெச்சிக்கணும்னு செஞ்சது பாய்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் சொன்னது சரி. நன்றாக வைத்துக்கொள்ளாத கிண்ணமாக இருந்திருந்தால் துருதான் கலந்திருக்கும், துருவை யாரும் உயிர் என்று நினைத்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளே, உங்கள் கெட்ட பழக்கங்களை ஆடிட்டர் கண்டுபிடித்துவிடுவார். நல்ல பழக்கங்களை நீங்கள்தான் சந்தேகப்பட வேண்டும்.

கௌரி கைடிடம் அன்றே சொன்னாள். அவர் முதலில் சத்தம் போட்டாராம், பிறகு மாநாட்டுப் பேச்சை வாபஸ் வாங்கினாராம். வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கும் அவளே எழுதினாள். அவர்கள் மரியாதையாகப் பதில் போட்டார்கள், இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். எங்கள் ஆடிட்டில் நானே ரப்பர் வளையத்தைப் பற்றிச் சொன்னேன். குறை என்று எழுதிக்கொண்டு, திருத்த அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மேனேஜர் பயந்தபடி கூடம் இடிந்து விழவில்லை. ஆனால் அவர் என்னோடு பழையபடி பேசப் பல நாள் ஆயிற்று.

கௌரியிடம் மலையில் உடைத்த கல்லில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. அதன் வெளிப்பக்கத்தையெல்லாம் சீவி எறிந்துவிட்டு, உள்ளே இருந்ததை எஃகே படாமல் கல் உரலில் கையால் இடித்தாள். கூடவே உலைக்கல்லையும் அதே உரலில் இடித்தாள். இந்த முறை உலைக்கல் சுத்தமாக இருந்தது. அவளுடைய கல்லும் சுத்தமாக இருந்தது, ஒரு முகடு கூட இல்லை. கரைப்பானில் கரையாத கறுப்புத் துகள்கள் மட்டும் மிஞ்சின. அந்தக் கரி லேசாக இருந்தது, உயிர் தொட்ட கரி இருப்பது போல. ஆனால் உயிரே இல்லாமல், சூட்டிலும் அழுத்தத்திலும் கூடக் கரி அப்படி லேசாகலாம். அதைத்தான் அவள் ஆய்வேட்டில் எழுதினாள்: இருந்திருக்கலாம், இந்தக் கல்லை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வுக்கு, அதாவது வைவாவுக்கு, எங்களைக் கூப்பிட்டாள். நானும் மோசஸும் ரயிலேறிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மோசஸ் புதுச் சட்டை போட்டிருந்தான். முன்வரிசையில் அவளுடைய அப்பா. எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த வயதான தேர்வாளர் கேட்டதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே ஒரு கேள்வி, தமிழ்ல கேக்குறேம்மா. பெரிய பேரு வாங்கித் தர்ற முடிவு ஒன்னு உங்க கையில இருந்துச்சு. அதை நீங்களே போய் உடைச்சுட்டு வந்திருக்கீங்க. வருத்தமா இல்லையா?"

கௌரி அப்பாவை ஒரு முறை பார்த்தாள்.

"இருக்கு சார். ரொம்ப இருக்கு. அந்தக் குப்பியை ஓட்டாம தூக்கிப் போட்டுடலாம்னு நெனச்சேன் சார், கழுவுற தொட்டி வரைக்கும் கொண்டுகூடப் போயிட்டேன். ஆனா அந்தக் கல்லுல நெஜமாவே ஒரு உயிர் இருந்திருக்கலாம், எனக்கு இன்னும் அந்த ஆசை தீரல. அவ்ளோ கோடி வருஷம் கழிச்சு அதைத் தேடி வந்தவ நான். அதைக் காட்டுறேன்னு சொல்லிட்டு, அதோட பேர்ல ஒரு மெஷின் எண்ணெயை எப்படி சார் காட்டுவேன்?"

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொள்ளவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. பக்கத்தில் மோசஸ் கைதட்ட ஆரம்பித்துவிட்டான். வைவாவில் கைதட்டக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அவனோடு சேர்ந்து தட்டினேன்.